பைத்தானில் பில்லோ கொண்டு படங்களுக்கு எஃபெக்ட் சேர்ப்பது: முதல்முறை செய்பவர்களுக்கு

பைத்தானில் படங்களைத் திறந்து மாற்ற உதவும் பில்லோ நூலகத்தில் ஒரு படத்தை மங்கலாக்க ஒரே வரி போதும். கறுப்பு வெள்ளையாக்கவும் ஒரு வரிதான். அந்த வரியை எந்தப் பாடத்திலும் பார்த்துக்கொள்ளலாம். புதிதாக வருபவர்கள் திணறுவது அதற்கு முன்னும் பின்னும்தான். படம் பக்கவாட்டில் சாய்ந்து திறக்கிறது, பிஎன்ஜி கோப்பைக் கொடுத்தால் பிழை வருகிறது, சேமித்த பிறகு நிறம் வெளிறிப்போகிறது, தமிழில் எழுதிய பெயர் உடைந்து தெரிகிறது. எஃபெக்ட் சரியாக வருமா என்பதைப் படத்தை எப்படித் திறக்கிறீர்கள், எந்த வரிசையில் வேலை செய்கிறீர்கள், எப்படிச் சேமிக்கிறீர்கள் என்ற மூன்றும்தான் தீர்மானிக்கின்றன. அதனால் இந்தக் கட்டுரை அவற்றில்தான் அதிக நேரம் நிற்கும்.

ஒரே உதாரணத்தை வைத்துப் போகலாம். கைப்பேசியில் எடுத்த 4000 × 3000 பிக்சல் ஜேபெக் படம். அதைப் பழுப்பேறிய பழைய போட்டோ போல மாற்றி, ஓரங்களை இருட்டாக்கி, கொஞ்சம் ஃபிலிம் குருணை (பழைய ஃபிலிமில் தெரியும் சிறு புள்ளிகள்) சேர்த்து, கீழே தமிழில் ஊர்ப்பெயர் எழுத வேண்டும்.

கட்டளைப் பெயர்களை இங்கே உச்சரிப்பின்படி தமிழில் தருகிறேன். நிரலில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். காஸியன்பிளர், அன்ஷார்ப்மாஸ்க் போன்ற ஃபில்டர் பெயர்களில் ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தும் பெரிய எழுத்து, நடுவில் இடைவெளி கிடையாது. ஓப்பன், ஃபில்டர், சேவ் போன்றவை முழுக்கச் சிறிய எழுத்து. எக்சிஃப்_டிரான்ஸ்போஸ் போல நான் அடிக்கோடு போட்டு எழுதும் பெயர்களில் மட்டும் நடுவே அடிக்கோடு வரும்.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

பைத்தான் 3-இன் சமீபத்திய பதிப்பு ஒன்று, சோதனைக்கு மூன்று படங்கள், சேமிப்பதற்குத் தனி ஃபோல்டர். சோதனைப் படங்களை இப்படித் தேர்ந்தெடுங்கள்: கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்த ஜேபெக் ஒன்று, பின்னணி இல்லாத பிஎன்ஜி ஒன்று, கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று. இந்த மூன்றிலும் ஓடும் நிரல் மற்றவற்றிலும் பெரும்பாலும் ஓடும். ஒரே படத்தில் மட்டும் சோதித்து எழுதிய நிரல் இரண்டாவது படத்திலேயே விழுந்துவிடும்.

செலவு ஒன்றுமில்லை. பில்லோ திறந்த மூல நூலகம், வணிகப் பயன்பாட்டுக்கும் கட்டணம் கிடையாது. நிறுவச் சில எம்பி டேட்டாவும் ஓரிரு நிமிடமும் போதும். நினைவகத்தைப் பொறுத்தவரை ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். பில்லோ ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம் சேர்ந்த) படத்தின் ஒவ்வொரு பிக்சலுக்கும் 4 பைட் எடுத்துக்கொள்கிறது. 4000 × 3000 என்றால் 1.2 கோடி பிக்சல், அதாவது 48 எம்பி. வட்டில் அந்தக் கோப்பு 3 எம்பி மட்டுமே இருந்தாலும் திறந்ததும் 48 எம்பி ஆகிவிடும். எஃபெக்ட் ஒவ்வொன்றும் புதுப் பிரதி எடுப்பதால், பழைய மடிக்கணினியில் பத்துப் படங்களை ஒரே நேரத்தில் திறந்து வைக்காதீர்கள்.

2. நிறுவுதல்

பைத்தான் நூலகங்களை நிறுவும் பிப் வழியாக நிறுவும்போது கேட்க வேண்டிய பெயர் பில்லோ. ஆனால் நிரலில் இறக்குமதி செய்யும்போது எழுத வேண்டியது பிஐஎல், மூன்றும் பெரிய எழுத்தில். பிஐஎல் என்ற பெயரிலேயே நிறுவ முயன்றால் நடக்காது. முதல் நாளில் பலரும் சிக்குவது இங்கேதான்.

உபுண்டு 23.04 முதலான பதிப்புகளிலும் டெபியன் 12 முதலான பதிப்புகளிலும், இந்தச் சூழலை இயங்குதளமே நிர்வகிக்கிறது என்று சொல்லி பிப் மறுத்துவிடும். அதைக் கட்டாயப்படுத்தி மீறும் வழியை இணையத்தில் பலர் சொல்வார்கள், அந்த வழி வேண்டாம். பைத்தானோடு வரும் வென்வ் மூலம் தனிச் சூழல் ஒன்றை உருவாக்கி அதற்குள் நிறுவுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. 2023-இல் வந்த பில்லோ 10-இல் சில பழைய பெயர்கள் நீக்கப்பட்டன. அளவு மாற்றும்போது கொடுக்கும் ஆன்டிஅலையாஸ் போய்விட்டது, இப்போது லான்சோஸ் என்று கொடுக்க வேண்டும். எழுத்தின் அகலத்தை அளக்கும் டெக்ஸ்ட்சைஸ் போய்விட்டது, அதற்குப் பதில் டெக்ஸ்ட்பிபாக்ஸ். பழைய பாடங்களிலிருந்து நிரலை நகலெடுத்து, அப்படி ஒரு பண்பே இல்லை என்று பிழை வந்தால் முதலில் இந்த இரண்டையும் தேடுங்கள்.

3. படத்தைச் சரியாகத் திறத்தல்

இமேஜ்.ஓப்பன் படத்தைத் திறந்ததும், வேறெதையும் செய்வதற்கு முன் ஐசிசி ப்ரொஃபைலை (நிறங்களை எப்படிக் காட்ட வேண்டும் என்ற குறிப்பை) எடுத்து ஒரு மாறியில் வைத்துக்கொள்ளுங்கள். படத்தின் இன்ஃபோ அகராதியில் ஐசிசி_ப்ரொஃபைல் என்ற பெயரில் இருக்கும். அது எதற்கு என்பது எட்டாவது படியில் வருகிறது.

அடுத்து இமேஜ்ஆப்ஸ் பிரிவில் உள்ள எக்சிஃப்_டிரான்ஸ்போஸ். கைப்பேசி படத்தைத் திருப்பிச் சேமிப்பதில்லை. சென்சாரில் விழுந்தபடியே சேமித்து, காட்டும்போது 90 பாகை திருப்பிக் காட்டு என்று ஒரு குறிப்பை மட்டும் எக்சிஃப் தகவலில் எழுதிவைக்கிறது. கேலரி செயலி அந்தக் குறிப்பைப் படிக்கும், பில்லோ தானாகப் படிக்காது. இந்த ஒரு வரியை விட்டால் நிமிர்ந்து நிற்கும் ஆள் படுத்துக்கொண்டிருப்பார்.

பிறகு மோடு, அதாவது படத்தில் நிறம் எந்த வடிவில் சேமிக்கப்பட்டிருக்கிறது என்பது. இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பிழைகள் வரவே வராது. சாதாரண வண்ணப் படம் ஆர்ஜிபி. ஒளி ஊடுருவும் பிஎன்ஜி பெரும்பாலும் ஆர்ஜிபிஏ. கறுப்பு வெள்ளை எல். ஜிஃப் படங்களும் சில பிஎன்ஜிகளும் பி, அதாவது வண்ணப் பட்டியலை வைத்து இயங்குபவை. பி மோடு படத்துக்கு ஃபில்டர் போடவே முடியாது. ஆட்டோகான்ட்ராஸ்ட், போஸ்டரைஸ், இன்வெர்ட் போன்றவை ஆர்ஜிபிஏ-வை ஏற்காது. கலரைஸ் எல் மோடு படத்தை மட்டுமே ஏற்கும். எனவே திறந்ததும் ஆர்ஜிபிக்கு மாற்றிவிடுவதே நல்ல பழக்கம்.

ஆனால் ஆர்ஜிபிஏ படத்தை கன்வெர்ட் வைத்து நேரடியாக மாற்றக் கூடாது. ஒளி ஊடுருவும் இடங்களுக்குப் பின்னால் கோப்பில் ஒளிந்திருக்கும் நிறம் வெளியே வந்துவிடும், பெரும்பாலும் அது கறுப்பு. அதே அளவில் வெள்ளை ஆர்ஜிபி படம் ஒன்றை இமேஜ்.நியூ மூலம் உருவாக்கி, அதன்மேல் உங்கள் படத்தை ஒட்டுங்கள். ஒட்டும்போது மூன்றாவது மதிப்பாக அதே படத்தின் ஆல்பா அடுக்கை (எங்கே எவ்வளவு ஒளி ஊடுருவும் என்ற தகவலை) மாஸ்க்காக, அதாவது எந்த இடம் எவ்வளவு தெரிய வேண்டும் என்று சொல்லும் படமாகக் கொடுக்க வேண்டும்.

ஐஃபோனின் ஹெய்க் கோப்புகளைப் பில்லோ தனியாகத் திறக்காது. பில்லோ-ஹெய்ஃப் என்ற துணை நூலகத்தை நிறுவி, நிரலின் தொடக்கத்தில் அதைப் பதிவு செய்ய வேண்டும்.

மிகப் பெரிய படங்களுக்கும் ஒரு தடை உண்டு. சுமார் 8.95 கோடி பிக்சலைத் தாண்டினால் பில்லோ எச்சரிக்கும், அதன் இருமடங்கைத் தாண்டினால் திறக்கவே மறுக்கும். 108 மெகாபிக்சல் கைப்பேசிப் படத்துக்கு எச்சரிக்கை வரும், 200 மெகாபிக்சல் படத்துக்குப் பிழையே வரும். உங்கள் சொந்தப் படம் என்று தெரிந்தால் இமேஜ் பிரிவில் உள்ள மேக்ஸ்_இமேஜ்_பிக்சல்ஸ் வரம்பை உயர்த்திக்கொள்ளலாம். முகம் தெரியாதவர்கள் பதிவேற்றும் படங்களைக் கையாளும் தளத்தில் அந்த வரம்பைத் தொடாதீர்கள். சின்னக் கோப்புக்குள் பிரம்மாண்டமான படத்தை ஒளித்து வைத்து சர்வரை முடக்குபவர்களைத் தடுக்கத்தான் அது இருக்கிறது.

4. அளவைக் குறைப்பது எஃபெக்டுக்கு முன்பு

இணையத்தில் போடத்தான் என்றால் நீளமான பக்கம் 1600 பிக்சல் போதும். இமேஜ்ஆப்ஸ் பிரிவின் கன்டெய்ன் விகிதம் மாறாமல் சுருக்கித் தரும்.

இதை முன்பே செய்யச் சொல்வதற்குக் காரணம் வேகம் மட்டுமல்ல. மங்கலாக்கும் ஆரம் பிக்சலில் அளக்கப்படுகிறது. 4000 பிக்சல் படத்தில் ஆரம் 5 என்பது கண்ணுக்கு அரிதாகத்தான் தெரியும், அதே 5 ஒரு 800 பிக்சல் படத்தில் முகத்தையே கரைத்துவிடும். ஆரத்தை எண்ணாக எழுதாமல், நீளமான பக்கத்தின் பங்காக எழுதுங்கள். மென்மைக்கு நீளத்தை 800-ஆல் வகுத்தால் வருவது, பின்னணியைக் கரைக்க 100-ஆல் வகுத்தால் வருவது. இப்படி எழுதினால் எந்த அளவுப் படம் வந்தாலும் ஒரே தோற்றம் கிடைக்கும்.

தம்ப்நெயில் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அது இருக்கும் படத்தையே சுருக்கிவிடும், எதையும் திருப்பித் தராது. அதன் விடையை மாறியில் வாங்கினால் கையில் வருவது வெறும் நன், அதாவது எதுவுமில்லை. ரீசைஸ், ஃபில்டர், கன்வெர்ட் எல்லாம் நேர்மாறானவை. அவை புதுப் படத்தைத் திருப்பித் தரும், பழையது அப்படியே இருக்கும். ஃபில்டர் போட்டும் ஒன்றும் மாறவில்லை என்றால் விடையை மாறியில் வாங்க மறந்திருப்பீர்கள்.

5. நிறமும் பழுப்பும்

முதலில் ஆட்டோகான்ட்ராஸ்ட், கட்ஆஃப் 1. இது மூன்று நிற அடுக்குகளையும் தனித்தனியே இழுப்பதால் மாலை வெயிலின் மஞ்சள் காணாமல் போகும். பழுப்பாக்கப் போகிறோம் என்பதால் இங்கே பாதகமில்லை. வண்ணப் படமாகவே வைத்திருப்பதென்றால் ப்ரிசர்வ்_டோன் என்பதை உண்மை என்று கொடுங்கள்.

பழுப்புக்கு கன்வெர்ட் கட்டளைக்கே 12 எண்கள் கொண்ட அணியை (மேட்ரிக்ஸை) கொடுக்கலாம். இணையமெங்கும் சுற்றும் எண்கள் இவை: 0.393, 0.769, 0.189, 0, அடுத்த வரிசை 0.349, 0.686, 0.168, 0, கடைசி வரிசை 0.272, 0.534, 0.131, 0. இவற்றை அப்படியே போட்டால் நடுத்தர வெளிச்சம் அழகாக வரும், பிரகாசமான இடங்கள் கெட்டுப்போகும். முதல் வரிசையைக் கூட்டிப் பாருங்கள், 1.351 வருகிறது. 230 என்ற வெளிர்சாம்பல் பிக்சலுக்குச் சிவப்பு 311, பச்சை 277, நீலம் 216 என்று விடை வரும். 255-க்கு மேல் இடமில்லாததால் சிவப்பும் பச்சையும் 255-இல் வெட்டப்படும். விளைவு, பழுப்புக்குப் பதில் எலுமிச்சை மஞ்சள். வானமும் வெள்ளைச் சட்டையும் முதலில் அடிவாங்கும், மேக விவரம் எல்லாம் ஒரே திட்டாகிவிடும்.

தீர்வு எளிது. எல்லா எண்களையும் 1.351-ஆல் வகுத்துவிடுங்கள். புதிய வரிசைகள்: 0.291, 0.569, 0.140, 0, 0.258, 0.508, 0.124, 0, 0.201, 0.395, 0.097, 0. இப்போது தூய வெள்ளை 255, 227, 177 என்ற சந்தன நிறமாகும். எங்கும் வெட்டுப்படாது.

பழைய பிரிண்டில் கறுப்பு முழுக் கறுப்பாக இருக்காது. அதற்கு பாயின்ட் கட்டளை: ஒவ்வொரு மதிப்பையும் 0.88-ஆல் பெருக்கி 25 கூட்டுங்கள். இந்த மாதிரி வேலைக்கு கெட்பிக்சல், புட்பிக்சல் வைத்து ஒவ்வொரு பிக்சலாகச் சுற்றாதீர்கள். நீங்கள் கொடுக்கும் கணக்கை பாயின்ட் 256 மதிப்புகளுக்கு மட்டும் போட்டுப் பட்டியலாக வைத்துக்கொண்டு, படம் முழுவதையும் அந்தப் பட்டியலைப் பார்த்து மாற்றிவிடும். பிக்சல் சுற்றில் அதே கணக்கை லட்சக்கணக்கான முறை பைத்தான் போட வேண்டியிருக்கும்.

6. ஓர இருட்டும் குருணையும்

இமேஜ் பிரிவில் ரேடியல்_கிரேடியன்ட் என்று ஒன்று இருக்கிறது. நடுவில் கறுப்பாகத் தொடங்கி வெளிப்புறம் வெள்ளையாகும் 256 × 256 வட்ட மாஸ்க்கை அது தரும். மாஸ்க் மூலைகளில்தான் 255 ஆகிறது, அதனால் அதை வெட்டாமல் அப்படியே பயன்படுத்தலாம்.

மாஸ்க்கை பைக்யூபிக் முறையில் படத்தின் அளவுக்குப் பெரிதாக்கி, பாயின்ட் மூலம் ஒவ்வொரு மதிப்பையும் 255-ஆல் வகுத்து, இருமடி எடுத்து, 150-ஆல் பெருக்குங்கள். இருமடி எடுப்பதால் நடுவில் உள்ள முகம் தெளிவாக இருக்கும், இருட்டு ஓரத்தில்தான் ஏறும். பிறகு 20, 12, 5 என்ற கரும்பழுப்பில் அதே அளவுப் படம் ஒன்று உருவாக்கி, இமேஜ்.காம்போசிட் கட்டளைக்கு முதலில் கரும்பழுப்பு, அடுத்து உங்கள் படம், கடைசியில் மாஸ்க் என்ற வரிசையில் கொடுங்கள். மாஸ்க் வெள்ளையாக உள்ள இடத்தில் முதல் படம் தெரியும். வரிசை மாறினால் நடு இருண்டு ஓரம் தெளிவாக வரும்.

குருணைக்கு முன் கூர்மையை முடித்துவிடுங்கள். அன்ஷார்ப்மாஸ்க்கின் இயல்பு மதிப்புகளான ஆரம் 2, சதவீதம் 150, த்ரெஷோல்ட் 3 என்பவை 1600 பிக்சல் படத்துக்கு அதிகம். 1, 80, 2 என்று தொடங்குங்கள். குருணைக்குப் பிறகு கூர்மை போட்டால் ஒவ்வொரு குருணையும் மணல்போலத் துருத்திக்கொள்ளும்.

எஃபெக்ட்_நாய்ஸ் கட்டளைக்குப் படத்தின் அளவையும், சிதறலின் அளவான சிக்மா 25 என்றும் கொடுத்தால் 128-ஐச் சுற்றிச் சிதறும் எல் மோடு இரைச்சல் கிடைக்கும். அதை ஆர்ஜிபிக்கு மாற்றி, இமேஜ்சாப்ஸ் பிரிவின் ஓவர்லே மூலம் படத்தின்மேல் போடுங்கள். படம் முதலில், இரைச்சல் இரண்டாவதாக. நடுச்சாம்பல் ஓவர்லேயில் கிட்டத்தட்ட எதையும் மாற்றாது என்பதால் மொத்த வெளிச்சம் அப்படியே இருக்கும். குருணை அதிகம் என்று பட்டால் சிக்மாவை 15-க்கு இறக்குங்கள்.

வேகம் பற்றி ஒரு வார்த்தை. மங்கலாக்கும் காஸியன்பிளரில் ஆரம் கூடினாலும் நேரம் கூடாது. உள்ளே அது பாக்ஸ்பிளரைத் திரும்பத் திரும்ப ஓட்டித்தான் தோராயம் செய்கிறது. மீடியன்ஃபில்டர் அப்படியல்ல. அளவு 3 என்றால் பிக்சலுக்கு 9 மதிப்புகளை ஒப்பிடும், 9 என்றால் 81. அதன் அளவு ஒற்றைப்படை எண்ணாகவும் இருக்க வேண்டும்.

பென்சில் ஓவியம் போன்றவற்றுக்கு நம்பை என்ற எண் கணக்கு நூலகம் தேவைப்படும். கறுப்பு வெள்ளைப் படத்தை, அதையே மங்கலாக்கிய பிரதியால் வகுத்து 255-ஆல் பெருக்கினால் கோடுகள் மட்டும் மிஞ்சும். இதில் உள்ள பொறி எட்டு பிட் எண்கள். நம்பையில் 200-உடன் 100 கூட்டினால் 300 வராது, சுற்றிக்கொண்டு 44 வரும். வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் இதுதான் காரணம். முதலில் ஃப்ளோட்32-க்கு மாற்றி, வகுக்கும் எண்ணோடு 1 கூட்டி, கணக்கு முடிந்ததும் 0-க்கும் 255-க்கும் இடையில் கிளிப் செய்து, பிறகுதான் மீண்டும் எட்டு பிட்டாக்க வேண்டும்.

7. தமிழில் எழுதுதல்

இலவச உரிமத்தில் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை இறக்கி, இமேஜ்ஃபான்ட்.ட்ரூடைப் கட்டளைக்குக் கோப்பின் முழுப் பாதையைக் கொடுங்கள். எழுத்துருவே கொடுக்காமலோ, தமிழ் இல்லாத எழுத்துருவைக் கொடுத்தோ எழுதினால் கட்டம் கட்டமாக வரும்.

எழுத்துரு சரியாக இருந்தும் "கொடைக்கானல்" உடைந்து வருகிறதா? பில்லோவின் அடிப்படை எழுத்தமைப்பு, எழுத்துகளை வந்த வரிசையிலேயே ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கும். கொ-வில் கொம்பு ககரத்துக்கு முன்னால் வர வேண்டும் என்பதோ, டை-யில் ஐகாரக் குறி முன்னால் வர வேண்டும் என்பதோ, கு, கூ ஒட்டெழுத்தாக மாற வேண்டும் என்பதோ அதற்குத் தெரியாது. அதைச் செய்வது ராக்ம் என்ற தனி எழுத்தமைப்பு எந்திரம்.

பிஐஎல்-இன் ஃபீச்சர்ஸ் பிரிவில் செக் கட்டளைக்கு ராக்ம் என்று கொடுத்துக் கேளுங்கள். உண்மை என்று வந்தால் கவலையில்லை. பொய் என்று வந்தால் பெரும்பாலும் ஃப்ரிபிடி என்ற சிறு நூலகம் கணினியில் இல்லை. பிப் வழியாக வரும் பில்லோவில் ராக்ம் சேர்ந்தே வந்தாலும், ஓடும்போது ஃப்ரிபிடியைத் தேடும். உபுண்டுவில் ஆப்ட் மூலமும் மேக்கில் ஹோம்ப்ரூ மூலமும் ஒரே வரியில் நிறுவலாம். விண்டோஸில் அதன் டிஎல்எல் கோப்பைத் தேடல் பாதையில் உள்ள ஃபோல்டரில் வைக்க வேண்டும். அது சிக்கலாகப் பட்டால் டபிள்யூஎஸ்எல்-இல் (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி) உபுண்டு போட்டு அதற்குள் ஓட்டுவது சுலபம். ராக்ம் இல்லையென்றாலும் நிரல் நிற்காது, அடிப்படை முறைக்கு இறங்கி எழுதிவிட்டுப் போய்விடும். அதனால் தமிழ் எழுதும் எந்த நிரலிலும் முதல் வரிகளிலேயே இந்தச் சோதனையை வைத்து, இல்லையென்றால் நீங்களே நிறுத்திவிடுங்கள். நூறு படங்களில் ஊர்ப்பெயர் சிதைந்து அச்சாவதைவிட அது நல்லது.

எழுத்தின் அளவு படத்தின் உயரத்தில் 25-இல் ஒரு பங்கு. டெக்ஸ்ட்பிபாக்ஸ் மூலம் எல்லையை அளந்து இடத்தைக் கணக்கிடுங்கள், உகரக் குறிகள் கீழே இறங்குவதால் அடியில் கூடுதல் இடம் விடுங்கள். வெளிர் பின்னணியிலும் படிக்கத் தெரிய ஸ்ட்ரோக்_விட்த் 2 கொடுத்துக் கரும்பழுப்பு விளிம்பு போடலாம்.

8. சேமித்தல்

ஜேபெக்கின் இயல்புத் தரம் 75. குருணை சேர்த்த படத்தை அதில் சேமித்தால் குருணை எட்டுக்கு எட்டுக் கட்டங்களாகக் கரைந்துவிடும். குவாலிட்டி 90, சப்சாம்ப்ளிங் 0 கொடுங்கள். 95-க்கு மேல் போகாதீர்கள், கோப்பு வீங்கும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

மூன்றாவது படியில் எடுத்துவைத்த ஐசிசி ப்ரொஃபைலை இங்கே திருப்பிக் கொடுக்க வேண்டும். நீங்களாகக் கொடுக்காவிட்டால் பில்லோ அதை ஜேபெக்கில் எழுதாது. ஐஃபோன் படங்கள் டிஸ்ப்ளே பி3 என்ற அகலமான வண்ணப் பரப்பில் வருபவை. ப்ரொஃபைல் போனால் அதே எண்களை உலாவி எஸ்ஆர்ஜிபி என்று எடுத்துக்கொள்ளும், சிவப்பும் பச்சையும் மங்கும். எஃபெக்ட்தான் நிறத்தைக் கெடுத்தது என்று நினைத்துப் பலர் அணியின் எண்களை மணிக்கணக்கில் மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

எக்சிஃப் தகவலும் கேட்காமல் எழுதப்படாது. அது நல்லதற்கே. படம் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் புள்ளி அதில்தான் இருக்கும். வீட்டில் எடுத்த படங்களைப் பொதுவில் போடும்போது அதைத் திருப்பிச் சேர்க்காதீர்கள்.

மூலப் படத்தின் பெயரிலேயே சேமிக்கவும் வேண்டாம். பாதியில் நிரல் விழுந்தால் மூலமும் போய்விடும்.

9. ஃபோல்டர் முழுவதையும் ஓட்டுவதற்கு முன்

இதுவரை செய்ததை ஒரே செயற்கூறாக்கி, முதலில் சொன்ன மூன்று சோதனைப் படங்களில் ஓட்டுங்கள். ஒரு படத்துக்கு ஆகும் நேரத்தை அளந்து எண்ணிக்கையால் பெருக்கினால் மொத்த நேரம் தெரிந்துவிடும். ஒவ்வொரு படத்தையும் டிரை, எக்செப்டுக்குள் வைத்து, பிழை வந்த கோப்பின் பெயரைத் தனி உரைக்கோப்பில் எழுதுங்கள். பாதி இறங்கிய வாட்ஸ்அப் படம் ஒன்று போதும், இரவு முழுக்க ஓட வேண்டியது பத்தாவது படத்தில் நின்றுவிடும்.

பல கோர்களில் ஓட்ட மல்டிபிராசசிங் உதவும். விண்டோஸில் அதை மெயின் சோதனை வரிக்குள் வைக்காவிட்டால் பிழையில் முடியும். நான்கு கோர் என்றால் நான்கு படங்களும் அவற்றின் இடைநிலைப் பிரதிகளும் ஒன்றாக நினைவகத்தில் இருக்கும். முதல் படியில் போட்ட 48 எம்பி கணக்கை அத்தனை பிரதிகளுக்கும் பெருக்கிப் பார்த்த பிறகே ஒரே நேரத்தில் எத்தனை வேலை என்பதை முடிவு செய்யுங்கள்.